ஒரே சேதி, இரண்டு எழுத்து

மாமல்லபுரத்துக்கு வடக்கே கடலோரமாக ஐந்து கிலோமீட்டர் போனால் சாளுவன்குப்பம். புலிக்குகை பார்க்க எல்லோரும் போவோம். யாளித் தலைகளுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவோம். அதே வளாகத்தில், கூப்பிடு தூரத்தில் இன்னொரு குகைக் கோயில் இருக்கிறது. அதிரணசண்டன் குகை. அங்கே கூட்டம் இருக்காது.

அடுத்தமுறை போனால் அதன் சுவர்களைப் பாருங்கள். பல்லவ மன்னன் ஒரு சுவரில் சமஸ்கிருதச் செய்யுள்களைக் கிரந்த எழுத்தில் வெட்டி வைத்திருக்கிறான். எதிர்ச்சுவரில் அதே செய்யுள்கள். ஆனால் எழுத்து வேறு. வடக்கே புழங்கிய நாகரி. தெற்கத்தி ஆள் இதைப் படிக்கலாம். வடக்கத்தி யாத்ரீகன் அதைப் படிக்கலாம். இன்றைய பாஷையில் சொன்னால் ஒரே ஃபைல், இரண்டு ஃபார்மட்.

அப்படியும் என்ன ஆயிற்று? காலப்போக்கில் பல்லவ கிரந்தத்தைப் படிக்கத் தெரிந்தவர்களே இல்லாமல் போனார்கள். கல் இருந்தது. எழுத்து இருந்தது. சேதி மட்டும் காணோம். சென்னையில் கம்பெனி உத்தியோகம் பார்த்த பெஞ்சமின் பாபிங்டன் என்பவர் மாமல்லபுரம் கல்வெட்டுகளை முட்டி மோதிப் படித்து, 1830-இல் லண்டனில் கட்டுரையாக வெளியிட்டார். வீரமாமுனிவரின் பரமார்த்த குருவை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவரும் இவர்தான். அவர் தந்த எழுத்து விளக்கத்துக்குப் பிறகுதான் பாறைகள் மறுபடி பேசின.

சரி, இதற்கும் உங்கள் வீட்டு பீரோவுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. அங்கே பட்டுப்புடவைக்கு அடியில் ஒரு கல்யாண கேசட் தூங்குகிறதல்லவா?

ஒரு வீடியோ ஃபைலில் இரண்டு சமாசாரம் உண்டு. ஒன்று சுவர். இன்னொன்று எழுத்து. ஏவிஐ, எம்பி4, எம்கேவி என்று ஃபைல் பெயரின் வாலில் தொங்குகிறதே, அது வெறும் சுவர். உள்ளே படத்தை எந்த முறையில் சுருக்கி எழுதியிருக்கிறது என்பதுதான் எழுத்து. அதற்கு கோடெக் என்று பெயர். ஒரே சுவரில் பல எழுத்தில் எழுதலாம். அதனால்தான் ஒரு ஏவிஐ ஓடும், பக்கத்திலிருக்கும் இன்னொரு ஏவிஐ முரண்டு பிடிக்கும். குற்றம் சுவரின் மீதல்ல.

விசிடி ஞாபகமிருக்கிறதா? அதன் இலக்கணம் 1993-இல் வகுக்கப்பட்டது. எழுத்து எம்பெக்-1. ஒரு தட்டில் 74 நிமிடம்தான். நம் ஊர் சினிமாவுக்கு இரண்டு தட்டு, சில சமயம் மூன்று. முகூர்த்தம் முதல் தட்டில், ரிசப்ஷன் இரண்டாம் தட்டில் என்று நம் கல்யாணங்களும் அப்படித்தான் பிரிந்து கிடக்கின்றன.

அடுத்த திருப்பம் இதே கடற்கரையை அடித்த அலையில் வந்தது. 2004 டிசம்பர் 26. சுனாமி. பல நாட்டுக் கரைகளில் சாதாரண மனிதர்கள் கையிலிருந்த கேமராக்களில் அந்த அலை பதிவானது. ஆனால் இண்டர்நெட்டில் அதைத் தேடிப் பார்ப்பதற்குள் தாவு தீர்ந்தது. ஒன்றுக்கு ரியல் ப்ளேயர் வேண்டும், ஒன்றுக்கு குயிக்டைம், ஒன்றுக்கு விண்டோஸ் மீடியா. யூட்யூபைத் தொடங்கிய மூவரில் ஒருவரான ஜாவேத் கரீம், சுனாமி வீடியோக்களைத் தேடுவது அத்தனை கஷ்டமாக இருந்ததும் அந்த யோசனைக்கு ஒரு தூண்டுதல் என்று பின்னால் சொல்லியிருக்கிறார். 2005-இல் யூட்யூப் வந்தது. நீங்கள் எந்த எழுத்தில் கொடுத்தாலும் சரி, அவர்களே ஃப்ளாஷ் வடிவத்துக்கு மாற்றிக்கொண்டார்கள்.

அந்த ஃப்ளாஷ் இன்று எங்கே? 2020 டிசம்பர் 31-உடன் மூடுவிழா. யூட்யூப் மட்டும் எப்படிப் பிழைத்தது? முன்னதாகவே வேறு எழுத்துக்குப் படியெடுத்துக் கொண்டு போய்விட்டது. 2015 ஜனவரியிலேயே வழக்கமான ப்ளேயராக ஃப்ளாஷைக் கைவிட்டுவிட்டது.

இதுதான் சார் மொத்த ரகசியமும். சாகாத ஃபார்மட் என்று ஒன்று கிடையாது. காலாகாலத்தில் படியெடுக்கப்பட்ட படம்தான் சாகாமல் இருக்கிறது. காமர்ஸ் படித்தவர்கள் இதைத் தேய்மானம் என்பார்கள். கணக்கில் வருஷா வருஷம் கழித்தே தீரவேண்டும்.

ஆகவே செய்ய வேண்டியது என்ன?

விஹெச்எஸ் கேசட் என்றால் அவசரம். உலகின் கடைசி விசிஆர் தயாரிப்பாளரான ஜப்பானின் ஃபுனாய், 2016 ஜூலையோடு உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஓடுகிற டெக் வைத்திருக்கும் கடை உங்கள் ஊரில் இன்னும் இருந்தால் இப்போதே கம்ப்யூட்டருக்கு மாற்றிவிடுங்கள். விசிடி என்றால் சுலபம். உள்ளே எம்பெக்ஏவி என்ற ஃபோல்டரில் டாட் என்ற வாலோடு இருக்கும் ஃபைல்தான் உங்கள் கல்யாணம். அப்படியே காப்பி செய்யுங்கள்.

பார்க்க விஎல்சி போதும். பாரிஸ் கல்லூரி மாணவர்களின் ப்ராஜெக்டாகப் பிறந்து, 2001 முதல் யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி திறந்துவிடப்பட்ட மென்பொருள். அநேகமாக எல்லா எழுத்தும் அதற்குத் தெரியும். உறவினருக்கு அனுப்பவேண்டுமா? ஹேண்ட்பிரேக்கில் போட்டு எம்பி4 சுவரில் ஹெச்.264 எழுத்தாக மாற்றுங்கள். 2003-இல் வந்தது. போன், டிவி, கம்ப்யூட்டர், எதில் கொடுத்தாலும் பெரும்பாலும் ஓடிவிடும்.

ஒரு எச்சரிக்கை. ஒவ்வொரு முறை வேறு எழுத்துக்கு மாற்றும்போதும் படம் கொஞ்சம் மங்கும். ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுப்பது மாதிரி. ஆகவே முதல் காப்பியில் கைவைக்காதீர்கள். வெட்டுவதோ ஒட்டுவதோ அதிலிருந்து எடுத்த நகலில்தான். தலையையும் வாலையும் வெட்டினால் போதும் என்றால், எழுத்தை மாற்றாமலே நறுக்கித் தரும் அவிடெமக்ஸ் போன்றவை இருக்கின்றன. வாட்ஸப்பில் சாதாரண வீடியோவாக வந்ததை மூலப்பிரதியாக நினைக்காதீர்கள். வழியிலேயே சுருக்கப்பட்டது அது. மூலத்தை இரண்டு இடத்தில் வையுங்கள். ஒன்று வேறு வீட்டில் இருப்பது உத்தமம்.

சுனாமி வடிந்தபின் சாளுவன்குப்பத்தில் இன்னொன்றும் நடந்தது. மணல் விலகி ஒரு பாறையில் கல்வெட்டுகள் தெரிந்தன. தொல்லியல் துறை அவற்றைப் படித்தது. 2005-இல் தோண்டியபோது புதைந்து கிடந்த முருகன் கோயில் வெளிப்பட்டது. மணலை விலக்கியது அலைதான். ஆனால் தெரிந்த எழுத்தைப் படிக்க ஆள் இருந்ததால்தான் கோயில் கிடைத்தது.

உங்கள் கேசட்டில் தாத்தா சிரிக்கிறார், பாட்டி ஏதோ அதட்டுகிறார். அந்தக் குரலைக் கேட்டிராத பேரன் ஒருவன் நாளை அதை எடுத்து வந்து, இது என்ன கறுப்பு டப்பா என்று கேட்கக்கூடாது, இல்லையா?