ஈழத் தீவின் ஓவியர்களும் நம் ஆலயச் சுவர்களும்

ஈழம் ஒரு சிறு தீவு. பரப்பில் தமிழகத்தின் பாதியே அது. ஆயினும் சென்ற நூற்றாண்டில் அத்தீவில் மலர்ந்த ஓவியக் கலையின் வரலாறு, ஆலயங்களைக் கட்டியும் புதுப்பித்தும் வரும் தமிழகக் கத்தோலிக்கராகிய நாம் அறிய வேண்டிய ஒன்றாகும். இறைவனின் திருவுருவை எழுதுகிறவன் யாருடைய முகத்தைப் பார்த்து எழுதுவது என்னும் வினா அவ்வரலாறு நெடுகிலும் எழுகிறது. அது நம்முடைய வினாவும் அன்றோ?

ஆங்கிலேயர் ஆட்சியில் கொழும்பின் ஓவிய உலகம் இலண்டன் கலைக்கூடங்களைப் பார்த்து எழுதும் உலகமாகவே இருந்தது. அந்நிலை மாறத் துணைநின்றவர்களுள் ஒருவர், 1920களில் கல்வித்துறையில் சித்திரப் பரிசோதகராயிருந்த வின்சர் என்னும் ஆங்கிலேயர். ஐரோப்பாவின் புதிய ஓவிய முறைகளையும் உள்நாட்டுக் கோயில் ஓவியங்களையும் ஒருசேரப் பாராட்டியவர் அவர். 1943 ஆகஸ்டு 29ஆம் நாள், உலகப்போர் நடந்துகொண்டிருந்த வேளையில், லயனல் வென்ட் என்பாரின் கொழும்பு இல்லத்தில் ஓவியர் சிலர் கூடி ஒரு குழு அமைத்தனர். ஆண்டையே பெயராகக் கொண்டு '43 குழு' என அது அழைக்கப்பட்டது. வென்ட் சட்டம் பயின்றவர், பியானோ இசைஞர், சிறந்த நிழற்படக் கலைஞர். மறு ஆண்டு டிசம்பரிலேயே அவர் காலமானார். ஆயினும் குழு கலைந்துவிடவில்லை. செயலாளராயிருந்த ஹாரி பீரிஸ் அதனைப் பல்லாண்டுகள் தாங்கி நின்றார்.

அக்குழுவில் இருந்தவர்களைப் பாருங்கள்! பறங்கியர் இருந்தனர், சிங்களப் பௌத்தர் இருந்தனர், துவராடை அணிந்த பிக்கு ஒருவரும் இருந்தார். ஐவன் பீரிஸ், ரிச்சர்ட் காப்ரியேல் ஆகிய கத்தோலிக்க இளைஞரும் இருந்தனர். காப்ரியேலுக்கு அப்போது வயது பத்தொன்பது. 1952இல் இலண்டனிலும் 1953இல் பாரிசிலும் இவர்கள் படைப்புகள் வைக்கப்பட்டன. 1956ஆம் ஆண்டு வெனிஸ் கலைவிழாவில் ஜஸ்டின் தரணியகலவின் ஓவியம் யுனெஸ்கோ பரிசு பெற்றது.

பரிசுகளைவிட நம் நெஞ்சைத் தொடுவது அந்தப் பிக்கு மஞ்சுஸ்ரீயின் தொண்டு. இளமையிலேயே துறவு பூண்ட அவர், சாந்திநிகேதனம் சென்று கற்றவர். தீவின் விகாரைகளில் ஈரத்தாலும் கவனிப்பின்மையாலும் அழிந்துகொண்டிருந்த சுவரோவியங்களைத் தேடி ஊர் ஊராய் நடந்து, கோடு பிசகாமல் படியெடுத்தார். பல இடங்களில் மூல ஓவியம் இன்று இல்லை; புதுப்பித்தல் என்ற பெயரில் சுண்ணாம்பு அதனை விழுங்கிவிட்டது. அவருடைய படி ஒன்றே சான்றாய் எஞ்சியிருக்கிறது. பழைய மரப் பீடங்களைக் கழற்றி எறிந்துவிட்டுப் பளபளக்கும் ஓடு பதிப்பதைத் திருப்பணி என்று கருதும் நம் ஊர்களில் இப்படி ஒருவர் நடந்திருக்கக் கூடாதா என்று ஏங்குகிறோம்.

ஓவியனுக்குச் சுவர் வேண்டும். அதனைச் சமயம் தர வேண்டும். கிறிஸ்தவப் பறங்கிக் குடும்பத்தில் பிறந்து பௌத்தத்தின்பால் ஈர்க்கப்பட்ட ஜார்ஜ் கீட்டுக்கு, கொழும்பு பொரளையிலுள்ள கோதமி விகாரை தன் சுவர்களை அளித்தது. 1939-40இல் புத்தரின் வாழ்வை அவர் அங்கே வரைந்தார். அதற்கு முன்பே, கண்டி திரித்துவக் கல்லூரியின் ஆங்கிலிக்கன் சிற்றாலயம் டேவிட் பெயின்டர் என்னும் ஓவியருக்குச் சுவர் தந்திருந்தது. ஐரோப்பியப் படங்களில் நாம் பழகிய தாடி அங்கே சிலுவையில் தொங்கும் ஆண்டவருக்கு இல்லை. அவரைச் சூழ்ந்து நிற்பது கல்வாரிப் பாறையன்று. நம் பிச்சாவரத்தில் காண்பது போன்ற அலையாத்திக் காடு. இதனைக் கண்டு முகம் சுளித்தவரும் இருந்திருப்பர். கோவாவில் பிறந்த நம் கத்தோலிக்க ஓவியர் ஆஞ்செலோ ட ஃபொன்சேகா அன்னை மரியாளுக்குச் சேலை உடுத்தி வரைந்தபோது, சொந்தச் சபையாரிடமிருந்தே அவருக்கு எதிர்ப்பு வந்ததை நாம் அறிவோம். எல்லா இனத்தாரின் கலைக்கும் திருச்சபையில் இடமுண்டு என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் அறிவித்தது. பெயின்டரின் தூரிகை அதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் முந்தியது.

நாம் வாழும் திருவதிகையில் வீரட்டானேசுவரர் கோயில் விமானம் முழுவதும் சுதை உருவங்கள் நிறைந்துள்ளன. சுண்ணாம்பும் மணலும் குழைத்து, தம் ஊர் மக்களின் மூக்கையும் முழியையும் தெய்வங்களுக்குத் தந்த கைகள் அவை. அக்கோயிலுக்கு மிக அருகில் குடியிருக்கும் நாமோ, அச்சில் வார்த்த சுரூபங்களை விலைப்பட்டியல் பார்த்து வாங்குகிறோம். நெய்வேலிச் சுரங்கமும் நகரியமும் எழுந்த பின் இவ்வட்டாரத்தில் புதிய ஆலயங்கள் பல தோன்றியுள்ளன. வெள்ளைச் சுவருக்கு நம்மிடம் பஞ்சமில்லை. நன்கொடையாளர் பெயர் பொறித்த கல்லுக்கும் பஞ்சமில்லை!

ஐவன் பீரிஸ் 1953இல் மீண்டும் இங்கிலாந்து சென்று அங்கேயே தங்கிவிட்டார். 1988இல் கண்மூடும் வரை அவர் வரைந்தவற்றுள் மிகுதியும் தாம் வளர்ந்த தெகிவளைக் கடற்கரையே. தீவை விட்டாலும் தீவு அவரை விடவில்லை போலும்.

தமிழர் பகுதிக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் எஸ். ஆர். கனகசபை 1938இல் ஓர் ஓவியக் கழகம் தொடங்கி, அதற்கு வின்சரின் பெயரையே சூட்டினார். அடுத்த தலைமுறையில், 1933இல் பிறந்த குருநகர் ஓவியர் அ. மாற்கு 1959இல் விடுமுறைக்கால ஓவியர் கழகத்தின் வழியே இளைஞர்க்குக் கற்பித்தார். பின்னர்த் தம் இல்லத்தையே பள்ளியாக்கினார். கொழும்பு ஓவியர்க்குக் கிடைத்த இலண்டனும் வெனிசும் அவருக்குக் கிடைக்கவில்லை. 1995 அக்டோபர் இறுதியில் யாழ்ப்பாண மக்கள் ஒட்டுமொத்தமாய் இடம்பெயர்ந்தபோது, கையில் எடுக்க முடிந்ததை மட்டும் எடுத்துச் சென்றனர். அந்த இடப்பெயர்வில் மாற்குவின் ஓவியங்கள் பல அழிந்தன. படியெடுத்து வைக்க அங்கே ஒரு மஞ்சுஸ்ரீ இல்லை. 2000ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். அவரிடம் பயின்றோருள் பெண்கள் பலர். கற்ற கலையை அவர்கள் கைவிடவில்லை. போரையும் பிரிவையும் தாய்மாரின் துயரையும் வண்ணங்களில் எழுதினர்.