மாவிட்டபுரம் முதலா, மானிப்பாய் முதலா? சி நூலகத்தில் தமிழ் அகரவரிசை

தமிழ்ச் சொற்களை எழுத்து முறைப்படி அடுக்கும் வேலை யாழ்ப்பாணத்தில் பெரிய அளவில் நடந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். அதற்கு முன் நிகண்டுகள் செய்யுளாக மனனம் செய்யப்பட்டன. அகராதி என்ற வடிவத்துக்கு வீரமாமுனிவரின் சதுரகராதி (1732) வழிகாட்டியிருந்தது. 1842 இல் அமெரிக்க மிசன் வெளியிட்ட யாழ்ப்பாண அகராதியில் ஏறத்தாழ 58,500 சொற்கள் இருந்தன. மானிப்பாய் அகராதி என்றும் அதற்குப் பெயர் உண்டு. தொகுத்தவர்களில் முதன்மையானவர் சந்திரசேகர பண்டிதர். ஜோசப் நைட், லீவை ஸ்போல்டிங் ஆகியோர் யாழ்ப்பாணத்தில் சேர்த்துவைத்த சொற்கள், 1862 இல் சென்னையில் வெளிவந்த வின்சுலோவின் தமிழ்–ஆங்கில அகராதிக்கும் அடித்தளமாயின. ‘ய ர ல வ ழ ள ற ன’ என்ற முறை பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்தது. கணினி அதைக் கற்றுக்கொள்ளத்தான் நாள் பிடித்தது.

முதலில் வரிசை என்பதே இருக்கவில்லை. இலங்கைத் தமிழ் வெளியீடுகளில் பரவலாகப் புழங்கிய பாமினி எழுத்துருவில் தமிழ் எழுத்துகள் ஆங்கில விசைகளின் மேல் ஒட்டப்பட்டிருந்தன. ‘த’ ஜே விசையில், ‘ம’ கே விசையில், ‘அ’ எம் விசையில். அப்படித் தட்டெழுதிய பட்டியலை வரிசைப்படுத்தச் சொன்னால் கணினி ஆங்கில ஒழுங்கையே பார்க்கும். தகரத்துக்கும் மகரத்துக்கும் பிறகுதான் அகரம் வரும்.

1991 இல் வந்த ஒருங்குறி பாதித் தீர்வு. அதன் தமிழ்ப் பகுதி இந்தியாவின் இஸ்கி குறியேற்றத்தைப் பின்பற்றியது. தேவநாகரியில் எந்த இடமோ, தமிழிலும் அதே இடம் என்பது இஸ்கியின் ஏற்பாடு. அதனால் ‘ன’ நகரத்தை அடுத்தும், ‘ற’ ரகரத்தை அடுத்தும், ‘வ’ தமிழ் மெய்கள் எல்லாவற்றுக்கும் பின்னால் ழகரத்தை அடுத்தும் வைக்கப்பட்டன. குறியெண்ணை மட்டும் பார்த்து யாழ்ப்பாண ஊர்ப்பெயர்களை அடுக்கினால் மானிப்பாய் முதலிலும் மாவிட்டபுரம் பிறகும் வரும். தமிழ் முறைப்படி வகரம் முன், னகரம் கடைசி. மாவிட்டபுரமே முந்த வேண்டும். புள்ளியிலும் சிக்கல் உண்டு. இன்றைய அகராதிகளில் ‘ட்’ முன், ‘ட’ பின். ஆகவே வட்டுக்கோட்டைக்குப் பிறகே வடமராட்சி. ஒருங்குறியிலோ புள்ளி உயிர்க்குறிகளுக்கும் பின்னால் தனிக்குறியாக நிற்பதால் வடமராட்சி முந்திவிடும்.

இதைச் சரிசெய்யும் பொறுப்பு சி மொழியின் செந்தர நூலகத்துக்கு உரியது. நிரல்கள் எல்லாம் தம் அடிப்படை வேலைகளுக்கு நாடும் தொகுதி அது. 1989 இல் வந்த அமெரிக்கச் செந்தரம் எழுத்துத்தொடர்களை ஒப்பிட இரு வழி வைத்தது. ஸ்டிர்கம்ப் பைட்டுகளை அப்படியே ஒப்பிடும். ஸ்டிர்கோல் பயனரின் மொழி வழக்கைக் கேட்டு ஒப்பிடும். ரோலண்ட் மெக்ராத் 1980களின் இறுதியில் எழுதத் தொடங்கிய குனூ சி நூலகம் இரண்டாவது வழியை முழுமையாக ஏற்றது. அனைத்து எழுத்துமுறைகளுக்குமான ஐஎஸ்ஓ 14651 வரிசை அட்டவணை அதில் உண்டு; இந்தியத் தமிழுக்கும் இலங்கைத் தமிழுக்கும் தனித்தனி வட்டாரக் கோப்புகளும் உண்டு. மெய்களின் மரபு வரிசை அந்த அட்டவணையில் சரியாகவே இருக்கிறது. புள்ளிக்கு மட்டும் மொழிக்குரிய தனி விதி தேவை. அது ஒருங்குறியின் சிஎல்டிஆர் தொகுப்பில் இருக்கிறது.

இதற்கு விலை உண்டு. எல்லா வட்டாரக் கோப்புகளையும் நிறுவினால் அவை மட்டுமே நூறு மெகாபைட்டைத் தாண்டும். ரவுட்டருக்கும் சிறு கருவிக்கும் அது கட்டுப்படியாகாது. எரிக் ஆண்டர்சனின் யூசிலிப்சி, ஃபெலிக்ஸ் ஃபான் லைட்னரின் டயட்லிப்சி போன்ற மெலிந்த நூலகங்கள் அப்படித்தான் பிறந்தன. இவற்றில் நிலைத்தது ரிச் ஃபெல்கர் 2011 இல் வெளியிட்ட மஸ்ல். அதன் 1.0 பதிப்பு 2014 இல் வந்தது. அதே ஆண்டு ஆல்பைன் லினக்சு யூசிலிப்சியைக் கைவிட்டு மஸ்லுக்கு மாறியது. முழு நூலகமும் ஒரு மெகாபைட்டுக்குள் அடங்கும். சில மெகாபைட் அளவே உள்ள ஆல்பைன் கொள்கலன்கள் உலகெங்கும் வழங்கிகளில் ஓடுவதற்கு இந்தச் சிக்கனமே காரணம்.

மஸ்ல் தமிழை ஒதுக்கவில்லை. பழைய குறியேற்றங்களின் சுமை இல்லாமல் ஒருங்குறியின் யூடிஎப்-8 வடிவத்தைத் தொடக்கத்திலிருந்தே இயல்பாகக் கொண்ட நூலகம் அது; தமிழ் எழுத்து அதில் சிதையாது. வெட்டப்பட்டது வரிசை மட்டும். அதன் ஸ்டிர்கோல் வெறும் ஸ்டிர்கம்பாகவே நடந்துகொள்கிறது. யூடிஎப்-8 இல் பைட்டு ஒழுங்கும் குறியெண் ஒழுங்கும் ஒன்றே என்பதால் விளைவு கணிக்கக்கூடியது, ஆனால் தமிழ் முறை அல்ல. ஆங்கிலத்துக்கு இந்த வெட்டு ஏறக்குறைய வலிக்காது; தமிழுக்கு வலிக்கும்.

அரசுகளும் கணினித் தமிழில் தலையிட்டன. இலங்கை தமிழுக்கான எஸ்எல்எஸ் 1326 செந்தரத்தை 2008 இல் வெளியிட்டது. தமிழ்நாடு அரசு 2010 இல் ஒருங்குறியோடு, எழுத்துகளை மரபு வரிசையிலேயே வைத்த டேஸ்-16 குறியேற்றத்தையும் ஏற்றது; ஆனால் டேஸ்-16 பரவவில்லை. பரவாததில் வியப்பில்லை. வரிசையைக் குறியேற்றத்துக்குள் திணிப்பது தவறான இடத்தில் செய்யும் திருத்தம். 12 உயிர், ஓர் ஆய்தம், 18 மெய், சில கிரந்த எழுத்துகள், புள்ளிக்கு ஒரு விதி: தமிழுக்கு மட்டும் என்றால் அட்டவணை மிகச் சிறியது. பருமன் வருவது உலக மொழிகள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டும்போதுதான். மஸ்லில் தமிழ் வரிசை இல்லாததால், ஆல்பைனில் நூற்பட்டியலோ பெயர்ப்பட்டியலோ அடுக்குபவர்கள் ஐசியூ என்ற பெரிய நூலகத்தைத் தனியே சேர்க்க வேண்டும், இல்லையேல் இந்தச் சிறு அட்டவணையைத் தம் நிரலிலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.