மலாக்காத் துறையில் பிணை நின்றவர்கள்

மலாக்கா நகரை விட்டுக் கடற்கரையோரமாக வடமேற்கே போனால் எதிர்ப்படும் கிளேபாங்கில் கடை வைத்திருக்கும் தமிழர் ஒருவர், கைப்பேசியில் வங்கியின் அகப்பக்கத்தைத் திறந்து சரக்குக்குப் பணம் அனுப்புகையில், அது மெய்யாகவே தம் வங்கியினுடையதுதான் என்பதை எவருடைய வாக்கைக் கொண்டு நம்புகிறார் என்று கேட்டால் சற்றே திகைப்பார். ஆயினும் அக்கேள்வி அந்தக் கடற்கரைக்குப் புதியதன்று.

1512 முதல் 1515 வரை மலாக்காவில் தங்கியிருந்த தோமே பீரிஸ் என்னும் போர்த்துகீசியர், சுல்தான்கள் காலத்தில் அத்துறைமுகத்தில் ஷாபந்தர் என்னும் துறைமுக அதிகாரிகள் நால்வர் அதிகாரம் செலுத்தியதை விவரித்திருக்கிறார். குஜராத்தியருக்கு ஒருவர், சீனருக்கு ஒருவர், ஜாவா முதலிய கீழைத் தீவினருக்கு ஒருவர், தமிழகக் கரையினின்றும் வங்கம், பெகு, பாசாய் ஆகிய இடங்களினின்றும் வந்தவர்களுக்கு ஒருவர். வந்திறங்கிய கப்பல் நாயகனைப் பெண்டகாரா என்னும் முதலமைச்சரின் சமுகத்துக்கு அழைத்துச் சென்று, இன்னார் இன்ன தேசத்தார் என்று அறிவித்துப் பண்டசாலைக்கு ஏற்பாடு செய்தவர் அந்த ஷாபந்தரே. முன்பின் அறியாத இருவருக்கிடையே, இருவரும் மதிக்கத்தக்க மூன்றாமவர் சாட்சியாக நின்றார் என்பதே இதன் தாத்பரியம்.

பின்னாளில் வந்த நகரத்தார் எனப்படும் செட்டியார்கள், தம் தொழிலிடமாகிய கிட்டங்கியில் அமர்ந்து உண்டி என்னும் பணச்சீட்டு எழுதியபோதும் இதுவே நடந்தது. இங்கே கொடுத்த வெள்ளிக்கு ஈடாகத் தமிழ்நாட்டில் பணம் பெறுவதற்கு ஒரு துண்டுக் காகிதம் போதுமானதாயிருந்ததற்குக் காரணம், காகிதமன்று; அதில் கண்ட விலாசமும், ஏஜெண்டின் பழகிய கையெழுத்தும், நாணயம் தவறினால் தம் சமூகத்திலேயே தலைநிமிர முடியாது என்ற அச்சமுமே.

கையெழுத்தே இல்லாத மின்வெளியில் இந்தச் சாட்சியை எவ்வாறு நிறுத்துவது? 1976-இல் டிஃபியும் ஹெல்மனும் வெளியிட்ட யோசனையையும், மறு ஆண்டில் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மேன் மூவரும் கண்ட முறையையும் கொண்டு அதற்கு வழி பிறந்தது. ஒன்றை ஊரறியக் கொடுத்து மற்றொன்றை இரகசியமாகக் காத்துக்கொள்ளும் இரட்டைத் திறவுகோல்கள் அவை. பகிரங்கத் திறவுகோல் இன்ன வங்கிக்கு உரியது என்று ஒரு சான்றிதழ் நிறுவனம் கையொப்பமிட்டுக் கொடுக்கும்; நம்பத்தக்க நிறுவனங்களின் பட்டியலை உலாவியே தன்னிடம் வைத்திருக்கும். 1990-களின் நடுவில் நெட்ஸ்கேப் நிறுவனம் இதனை வியாபாரத்துக்குப் பயன்படும்படி செய்தது. மலேசியாவும் பின்தங்கவில்லை. 1997-இல் மின்கையொப்பச் சட்டத்தை இயற்றி, 1998 அக்டோபர் முதல் தேதி அமலுக்குக் கொணர்ந்தது. அஞ்சல் நிறுவனமும் மிமோஸ் ஆராய்ச்சி நிறுவனமும் கூட்டாக டிஜிசெர்ட் என்னும் சான்றிதழ் நிறுவனத்தை நடத்தின. (அமெரிக்காவில் இதே பெயருடன் உள்ள நிறுவனத்துக்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை.)

2011-ஆம் ஆண்டு இந்த மூன்றாமவர்களுக்கே சோதனைக் காலமாயிற்று. 1641-இல் மலாக்காவைக் கைப்பற்றிய டச்சுக்காரரின் நாட்டில், டிஜிநோட்டார் என்னும் நிறுவனத்துக்குள் புகுந்த கள்வர் 500-க்கு மேற்பட்ட பொய்ச் சான்றிதழ்களை உண்டாக்க, செப்டம்பரில் அது திவாலாயிற்று. நவம்பரில் நம் டிஜிசெர்ட்டின் குறை வெளிப்பட்டது. அது வழங்கிய 22 சான்றிதழ்களில் திறவுகோலின் அளவு வெறும் 512 பிட். அவ்வளவு சிறிய திறவுகோலை 1999-லேயே கணித வல்லுநர் உடைத்துக் காட்டியிருந்தனர்! அன்றியும், இன்ன காரியத்துக்கு மட்டுமே செல்லும் என்ற வரம்பும், ரத்துச் செய்யப்பட்டதா என்று விசாரித்தறியும் குறிப்பும் அவற்றில் இல்லை. வரம்பின்மையால், அகப்பக்கத்துக்கென வழங்கிய சான்றைத் தீய நிரலில் கையொப்பமிடவும் உபயோகிக்க இடமிருந்தது. மார்டி என்னும் அரசாங்க வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் சான்றிதழ் அவ்வாறு ஒரு தீநிரலில் காணப்பட்டதாகப் பின்லாந்தின் எஃப்-செக்யூர் நிறுவனம் அறிவித்தது. உலாவி நிறுவனங்களான மொசில்லாவும் மைக்ரோசாஃப்டும் டிஜிசெர்ட்டின் மீது வைத்திருந்த நம்பிக்கையை நீக்கிக்கொண்டன.

சட்டம் இருந்தது, கணிதமும் பிழையற்றதாகவே இருந்தது. பிணை நின்றவரின் கவனம் ஒன்றே தவறிற்று. இதனை ஒரு சிறு நிறுவனத்தின் அசிரத்தை என்று தள்ளிவிடுவது சரியன்று என்பது என் துணிபு; பிணையாளியை ஊரறியக் கண்காணிக்க வழியில்லாத ஏற்பாடே குறையுடையது. அந்தக் கண்காணிப்பு பின்னர் வந்தது. சான்றிதழ்களைப் பகிரங்கப் பதிவேட்டில் ஏற்றும் வழக்கம் ஏற்பட்டது. அவற்றின் ஆயுளும் குறைந்து வருகிறது. 2029 மார்ச் நடுவிலிருந்து வழங்கப்படும் அகப்பக்கச் சான்றிதழ் எதுவும் 47 நாட்களுக்குமேல் செல்லாது என்று உலாவி நிறுவனங்களும் சான்றிதழ் நிறுவனங்களும் 2025-இல் தீர்மானித்திருக்கின்றன.