முலாமும் சரித்திரமும்

கிங் காம்ப் ஜில்லெட் ஓர் எழுத்தாளர். பிளேடு உறையில் அச்சான அந்த மீசை முகத்தை அறிந்த அளவுக்கு உலகம் இந்த விஷயத்தை அறியவில்லை. 1894இல் பாஸ்டனில் வெளியான அவருடைய ‘தி ஹ்யூமன் ட்ரிஃப்ட்’ போட்டியே இல்லாத ஒரு சமூகத்தைக் கற்பனை செய்கிறது. நயாகரா நீர்வீழ்ச்சியின் சக்தியில் இயங்கும் ஒரே பெருநகரம், மக்கள் அனைவருக்கும் சொந்தமான ஒரே உற்பத்தி ஸ்தாபனம். போட்டியும் அது பெற்றெடுக்கும் விரயமும்தான் தீமையின் வேர் என்பது அவர் கட்சி. இதை அவர் கடைசிவரை கைவிடவில்லை. 1924இல் வெளியான ‘தி பீப்பிள்ஸ் கார்ப்பரேஷன்’ நூலிலும் இதே கனவுதான்.

இந்த மனிதருக்குத்தான் 1895இல் தூக்கி எறியும் பிளேடு என்ற யோசனை பிறந்தது. சோடா பாட்டில் மூடியைக் கண்டுபிடித்த வில்லியம் பெயின்டரின் கம்பெனியில் அவர் விற்பனைப் பிரதிநிதியாக இருந்தார். ஒருமுறை பயன்படுத்தி எறிந்துவிடும்படியான ஒன்றைக் கண்டுபிடி, வாங்கியவன் திரும்பத் திரும்ப வருவான் என்று பெயின்டர் சொன்ன புத்திமதி பிரசித்தமானது. விரயத்தை எதிர்த்து எழுதியவர் விரயத்தையே ஒரு தொழிலாக்கினார் என்று சிரித்துவிட்டு நகர்வது சுலபம். ஆனால் அவர் செய்த பொருளை எடுத்துப் பார்த்தால் விஷயம் அவ்வளவு சுலபமாக இல்லை.

சேஃப்டி ரேஸர் அவருக்கு முன்பே இருந்தது. நியூயார்க்கின் காம்ப்ஃப சகோதரர்கள் 1880இல் காப்புரிமை பெற்றிருந்தார்கள். அதன் பிளேடு சவரக் கத்தியின் அலகை நறுக்கி வைத்தாற்போன்றது. தீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஜில்லெட்டுக்கு வேண்டியிருந்தது தகடு மாதிரி மெல்லிய எஃகு. அதைக் கடினப்படுத்திக் கூராக்க முடியாது என்று விஷயம் தெரிந்தவர்களே கைவிரித்தார்கள். முடித்துக் கொடுத்தவர் வில்லியம் நிக்கர்சன். 1901இல் கம்பெனி தொடங்கியது. விற்பனை ஆரம்பித்த 1903இல் போனவை 51 ரேஸர், 168 பிளேடு. 1904 நவம்பர் 15இல் காப்புரிமை கிடைத்தது.

ரேஸரை இனாமாகக் கொடுத்துப் பிளேடில் சம்பாதித்தார் என்பது வணிகப் பாடப்புத்தகங்களின் புராணம். சட்டப் பேராசிரியர் ராண்டல் பிக்கர் இதை ஆராய்ந்து மறுத்திருக்கிறார். காப்புரிமை உயிரோடிருந்த காலம் முழுக்க ரேஸரின் விலை 5 டாலர். அன்றைய தொழிலாளிக்கு அது வாரக்கூலியில் பெரிய பங்கு. 1921இல் காப்புரிமை முடிகிற தருவாயில்தான் பழைய மாடல் 1 டாலருக்கு இறங்கியது. ஆக, கைப்பிடி இனாம் சாமான் அல்ல. பித்தளையில் கடைந்து, வெள்ளி முலாம் பூசி, வரிசை எண் பொறித்து, ஒருவன் ஆயுசுக்கும் வைத்துக்கொள்ளும்படி செய்யப்பட்டது. எறிய வேண்டியது பிளேடு மட்டுமே. அந்த ஆரம்ப கால ரேஸரில் இன்று வாங்கிய இரட்டை முனை பிளேடு பொருந்தும், சவரமும் நடக்கும்.

பொருந்துவதால்தான் பிரச்சினை. காட்சிப் பெட்டியில் கிடக்க வேண்டிய வயதில் இவை இன்னும் உழைக்கின்றன. பழைய ரேஸர்களைத் தேடிப் பிடித்துப் புதுப்பிக்கிறவர்கள் இன்று பல நாடுகளிலும் இருக்கிறார்கள். அவர்கள் கையில் நடப்பதைச் சரித்திரப் பிரக்ஞையோடு பார்க்க வேண்டும்.

இதற்கு உதவும் சிந்தனை, ஜில்லெட்டின் முதல் ரேஸர் விற்ற அதே 1903இல் வியன்னாவில் எழுதப்பட்டது. கலைச் சரித்திர அறிஞர் அலோயிஸ் ரீகல், பழம் சின்னங்களை மதிப்பதைப் பற்றிய தம் கட்டுரையில் மதிப்புகளைப் பிரித்தார். ஒரு பொருள் தன் காலத்துக்குச் சாட்சியாக நிற்பது சரித்திர மதிப்பு. காலம் அதன் மேல் விட்ட தேய்மானம் வயதின் மதிப்பு. இன்றும் வேலைக்கு ஆவது உபயோக மதிப்பு. அப்போதுதான் செய்ததுபோல் குறையின்றி மின்னுவது புதுமையின் மதிப்பு. இவை ஒன்றோடொன்று மோதும் என்பதே அவர் கண்டது. கட்டடங்களை மனதில் வைத்து எழுதியது, உள்ளங்கையில் அடங்கும் ரேஸருக்கும் பொருந்துகிறது.

முதல் வேலை, சுத்தம் செய்வது. ரேஸரில் படிந்திருக்கும் வெள்ளைப் படலம், சோப்பும் உப்புத் தண்ணீரின் சுண்ணாம்பும் சேர்ந்து இறுகியது. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்து ஊற வைத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும். போவது அழுக்கு மட்டுமே. இதில் எந்த மதிப்புக்கும் பழுதில்லை.

இரண்டாவது, மெருகேற்றுவது. வெள்ளி கறுப்பது கந்தகத்தோடு கூடுவதால். பாலிஷ் போட்டால் அந்தக் கறுப்பு போகும். கறுப்பாக மாறிய வெள்ளியும் கூடவே போகும். ஒவ்வொரு முறையும் முலாம் கொஞ்சம் மெலியும். தங்க முலாம் இன்னும் மெல்லிது. மேலே லாக்கர் பூச்சுள்ள ரேஸரை உரமாகத் தேய்த்தால் முதலில் லாக்கர் போகும், அப்புறம் தங்கம், கடைசியில் பித்தளை இளிக்கும்.

மூன்றாவது, மறுமுலாம். பழைய முலாமை உரித்து, பஃபிங் சக்கரத்தில் கொடுத்து, நிக்கலோ ரோடியமோ ஏற்றுவது. சக்கரம் பள்ளத்தை மட்டும் நிரவாது. பிடிப்புக்காக வெட்டிய சொரசொரப்பின் முனை மழுங்கும். காப்புரிமைத் தேதியும் வரிசை எண்ணும் தேயும். ஒரு ரேஸர் எந்த ஆண்டில் பிறந்தது என்று சொல்லும் சாட்சி அந்த எண்தான். 1918இல் அமெரிக்க அரசு தன் படைக்கு 35 லட்சம் ரேஸர் வாங்கியது. அவற்றில் ஒன்றில் ஒரு சிப்பாய் கீறிவைத்த முதலெழுத்துகள் சக்கரத்துக்கு வெறும் கீறல்தான்.

மறுமுலாமே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். லட்சக்கணக்கில் வந்த பிற்கால மாடல் ஒன்று, முலாம் உரிந்து களிம்பேறிக் கிடந்தால், அதைத் தினசரி உபயோகத்துக்குத் திருப்புவது நியாயமே. உபயோகமும் அதன் சரித்திரத்தில் சேர்ந்ததுதான். எண் பொறித்த ஆரம்ப கால ரேஸரில் சுத்தத்தோடு நின்றுவிட வேண்டும். பித்தளை தெரிந்தால் தெரியட்டும். எந்த விரல் எங்கே அழுத்திப் பிடித்தது என்பது அங்கேதான் எழுதியிருக்கிறது.

மன்னிக்க முடியாதது ஒன்று உண்டு. மறுமுலாம் பூசியதைச் சொல்லாமல் அசல் என்று கைமாற்றுவது. ஏட்டில் செல்லரித்துப்போன வரியைத் தானே எழுதி நிரப்பிவிட்டு, நிரப்பியதைக் குறிக்காமல் அச்சேற்றும் பதிப்பாசிரியரின் காரியம் அது. பிரதி முழுமையாகத் தெரியும், ஓட்டமும் தடைபடாது. எது மூலம், எது பதிப்பாசிரியரின் கைச்சரக்கு என்று பிறகு வருகிறவனுக்குத் தெரியவே தெரியாது. ரேஸரோடு ஒரு துண்டுக் காகிதம் போதும்: எந்த ஆண்டில், எதை உரித்து, எதைப் பூசினோம் என்று.