கன்டெய்னரில் வரும் பூச்சிக்கு யார் காசு கட்டுவது? ஆஸ்திரேலியாவின் 'பயோசெக்யூரிட்டி' விதிகளும் கட்டண மோதலும்

புதுசா இறக்குமதி ஆன ஃபிரிட்ஜ். அதோட பேக்கிங்கில் அரிசி மணியை விடச் சின்னதா ஒரு வண்டு. 2020-ல் ஆஸ்திரேலியாவில் இப்படித்தான் 'கப்ரா வண்டு' கண்டுபிடிக்கப்பட்டது. ஃபிரிட்ஜுக்கும் தானியம் தின்னும் வண்டுக்கும் என்ன சம்பந்தம்?

ஃபிரிட்ஜுக்குச் சம்பந்தம் இல்லை, அதைச் சுமந்து வந்த கன்டெய்னருக்குத்தான் சம்பந்தம். எப்போதோ அரிசி ஏற்றிப் போன கன்டெய்னரின் தரை இடுக்கில் வண்டின் புழுக்கள் ஒளிந்திருக்கலாம். சாப்பாடே இல்லாமல் பல வருஷம் அவை உயிரோடு இருக்கும். அடுத்த சரக்கோட சேர்ந்து வேறொரு நாட்டில் போய் இறங்கும்.

இதைத் தடுக்க ஆஸ்திரேலியா கடுமையான விதிகள் வைத்திருக்கிறது. அந்தக் காவலுக்கு ஆகும் செலவை யார் தலையில் கட்டுவது என்பதுதான் அங்கே பல வருஷமா ஓடும் சண்டை. அதன் சூடு இந்திய ஏற்றுமதியாளர்கள் வரைக்கும் வருகிறது. விரிவாகப் பார்க்கலாம்.

பயோசெக்யூரிட்டி என்றால் என்ன?

வெளிநாட்டுப் பூச்சி, களை, நோய்க்கிருமி எதுவும் நாட்டுக்குள் நுழையாமல் தடுக்கும் ஏற்பாடுதான் பயோசெக்யூரிட்டி. தமிழில் உயிரிப் பாதுகாப்பு. ஆஸ்திரேலியாவில் 1908-ல் கொண்டுவந்த குவாரண்டைன் சட்டம் நூறு வருஷத்துக்கு மேல் நடைமுறையில் இருந்தது. அதற்குப் பதிலாக வந்த 2015-ம் ஆண்டு பயோசெக்யூரிட்டி சட்டம், 2016 ஜூன் 16 முதல் அமலில் இருக்கிறது. வேளாண், மீன்வள, வனத்துறைதான் இதை நடத்துகிறது.

இவ்வளவு பயம் ஏன்?

ஏற்கெனவே சூடு பட்ட அனுபவம் இருக்கிறது.

* நெருப்பு எறும்பு: 2001-ல் பிரிஸ்பேனில் கண்டுபிடிக்கப்பட்டது. இன்னும் முழுசா ஒழிக்க முடியவில்லை. 2023 முதல் 2027 வரைக்கான ஒழிப்புத் திட்டத்துக்கு மட்டும் 59.3 கோடி ஆஸ்திரேலிய டாலர் ஒதுக்கப்பட்டது.
* வர்ரோவா உண்ணி: தேனீக்களைக் கொல்லும் இந்த உண்ணி, 2022 ஜூனில் நியூகாசில் துறைமுகத்தில் கண்காணிப்புக்காக வைத்திருந்த தேனீப் பெட்டிகளில் சிக்கியது. ஆயிரக்கணக்கான பெட்டிகளை அழித்தும் பலன் இல்லை. 2023 செப்டம்பரில் ஒழிப்பு முயற்சியே கைவிடப்பட்டது.
* கப்ரா வண்டு: இந்தியத் துணைக்கண்டத்தைப் பூர்வீகமாகக் கொண்டது. ஆஸ்திரேலியாவில் நிலையாகத் தங்கிவிட்டால் 20 ஆண்டுகளில் 1,550 கோடி ஆஸ்திரேலிய டாலர் இழப்பு வரும் என்பது அந்நாட்டு அரசின் மதிப்பீடு. இந்த வண்டு இருக்கும் நாட்டிலிருந்து தானியம் வாங்க மற்ற நாடுகள் தயங்கும் என்பதுதான் முக்கியக் காரணம்.

இறக்குமதியாளர் என்னென்ன செய்யணும்?

மரப் பேக்கிங்: பேலட், மரப்பெட்டி எதுவாக இருந்தாலும் ட்ரீட்மென்ட் செய்து சர்வதேச முத்திரை குத்தியிருக்கணும். மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் சூட்டில் 30 நிமிடம் வைப்பது வழக்கமான முறை. இது ஆஸ்திரேலியாவில் மட்டும் இல்லை, உலகின் பெரும்பாலான நாடுகளில் இருக்கும் விதி.

நாற்றப்பூச்சி சீசன்: செப்டம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை கப்பல் ஏறும் சரக்குகளுக்குத் தனி விதி. வட அரைக்கோளத்தின் குளிர்காலத்தில், பழுப்பு நாற்றப்பூச்சி கதகதப்பான இடம் தேடி கார், இயந்திரம், டைல்ஸ் மாதிரியான சரக்குகளுக்குள் புகுந்துகொள்ளும். அமெரிக்கா, கனடா, பல ஐரோப்பிய நாடுகளிலிருந்து வரும் இப்படிப்பட்ட சரக்குகளுக்குச் சூடேற்றலோ ஃபியூமிகேஷன் எனப்படும் நச்சுப்புகை மூட்டமோ கட்டாயம். கன்டெய்னருக்குள் இல்லாமல் திறந்தபடி வரும் சரக்கு என்றால், புறப்படும் நாட்டிலேயே இதை முடித்துவிட வேண்டும். பக்கத்து நாடான நியூசிலாந்து 2018 பிப்ரவரியில், ஜப்பானிலிருந்து வந்த கார் கப்பல்களை இந்தப் பூச்சிக்காகவே இறக்க விடாமல் அனுப்பியது.

கப்ரா வண்டு விதி: வண்டு பரவியிருக்கும் நாடுகளின் பட்டியலில் இந்தியாவும் இருக்கிறது. அந்த நாடுகளில் சரக்கு நிரப்பி, ஆஸ்திரேலியாவின் தானியம் விளையும் கிராமப்புறங்களில் பிரிக்கப்படும் கன்டெய்னர்களுக்கு 2021 முதல் ட்ரீட்மென்ட் கட்டாயம். உள்ளே இருப்பது அரிசியா, இரும்பா என்பது பிரச்னையே இல்லை, கன்டெய்னருக்கே ட்ரீட்மென்ட் வேணும்.

இதுக்கு எவ்வளவு செலவு? யார் கட்டுறாங்க?

இங்கேதான் சிக்கலே. செலவை இரண்டாகப் பிரித்துப் பார்க்கலாம்.

ஒன்று, அரசுக்குக் கட்டுவது. ஒவ்வொரு இறக்குமதி அறிவிப்புக்கும் ஒரு கட்டணம். அதிகாரி நேரில் வந்து சோதித்தால், 15 நிமிடக் கணக்கில் தனிக் கட்டணம். சேவைக்கு ஆகும் செலவை, சேவை பெறுபவரிடமே வாங்குவது என்பது இதன் தத்துவம்.

இரண்டு, ரசீதில் 'அரசு' என்று வராத செலவு. ஃபியூமிகேஷன் கம்பெனிக்குக் கொடுக்கும் பணம், சோதனைக்காக கன்டெய்னரை நகர்த்தும் கூலி, துறைமுகத்தில் சரக்கு தேங்கினால் ஏறிக்கொண்டே போகும் டெமரேஜ். பெரும்பாலும் கஸ்டம்ஸ் புரோக்கரும் ஃபிரைட் ஃபார்வர்டரும்தான் முதலில் கையிலிருந்து கட்டி, பிறகு இறக்குமதியாளரிடம் வசூலிக்கிறார்கள். பல பேருடைய சரக்கு ஒரே கன்டெய்னரில் வந்தால் நிலைமை இன்னும் மோசம். ஒருத்தர் சரக்கில் பிரச்னை என்றாலும் மற்றவர்களும் காத்துக் கிடக்கணும்.

தனி லெவி போட முடியாதா?

ஆஸ்திரேலிய அரசு இரண்டு தடவை முயற்சி செய்தது. இரண்டு தடவையும் தோற்றது.

முதல் முயற்சி, 2018: 20 அடி கன்டெய்னர் ஒன்றுக்கு 10.02 டாலர், கன்டெய்னரில் வராத சரக்குக்கு டன்னுக்கு 1 டாலர் லெவி என பட்ஜெட்டில் அறிவித்தார்கள். மூன்று ஆண்டுகளில் 32.5 கோடி டாலர் திரட்டுவது திட்டம். 2019 ஜூலை 1-ல் தொடங்க வேண்டியது. 'எங்கள் சரக்கில் ஆபத்தே குறைவு, டன் கணக்கில் ஏன் கட்டணும்?' என்று மொத்தச் சரக்கு இறக்குமதி செய்பவர்கள் எதிர்த்தார்கள். வசூல் வேலை நம் தலையில் விழுமோ என்று துறைமுக நிறுவனங்களும் முரண்டு பிடித்தன. தள்ளிப்போட்டுப் பார்த்து, கடைசியில் 2020-ல் கைவிட்டார்கள்.

இரண்டாவது முயற்சி, 2023: இந்த முறை விவசாயிகள் பக்கம் திரும்பியது அரசு. பாதுகாப்பால் பலன் அடைவது நீங்கள்தானே, நீங்களும் பங்கு கொடுங்கள் என்று ஆண்டுக்குச் சுமார் 5 கோடி டாலர் திரட்டத் திட்டமிட்டது. விவசாய அமைப்புகள் கொதித்துவிட்டன. 'பூச்சியை உள்ளே கொண்டுவருவது இறக்குமதி. எங்களோடு போட்டி போடும் வெளிநாட்டுச் சரக்கைச் சோதிக்க நாங்கள் ஏன் காசு கட்டணும்?' என்பது அவர்கள் கேள்வி. மசோதா கீழவையில் நிறைவேறியும், செனட்டில் போதிய ஆதரவு கிடைக்காமல் முடங்கியது.

அப்போ இறக்குமதியாளர் தப்பித்தாரா?

இல்லை. லெவிதான் போனது, கட்டணம் போகவில்லை. 2023 பட்ஜெட்டிலேயே இறக்குமதியாளர் கட்டும் கட்டணங்களை உயர்த்தும் முடிவும் இருந்தது. லெவிக்குத் தனி மசோதா கொண்டுவர வேண்டியிருந்தது. ஏற்கெனவே இருக்கும் கட்டணத்தை ஏற்றுவதற்கு அவ்வளவு பெரிய அரசியல் போராட்டம் தேவைப்படவில்லை.

ஆனால் இதற்கும் ஒரு எல்லை உண்டு. உலக வர்த்தக அமைப்பின் விதிப்படி, இறக்குமதிச் சோதனைக்கான கட்டணம் அந்தச் சேவைக்கு ஆகும் உண்மையான செலவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அது மறைமுக வரி. நெருப்பு எறும்பு ஒழிப்பு மாதிரி, பூச்சி உள்ளே வந்த பிறகு ஆகும் செலவை இன்றைய இறக்குமதியாளரின் சோதனைக் கட்டணத்தில் ஏற்றுவது இதனால்தான் சிக்கல். அந்தப் பணம் பெரும்பாலும் பொதுமக்களின் வரியிலிருந்துதான் வருகிறது.

நமக்கு என்ன?

ஏற்றுமதியாளர் என்றால், ஆர்டர் எடுக்கும்போதே கன்டெய்னர் எந்த ஊரில் பிரிக்கப்படும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிட்னி நகர்ப்புறத்துக்கு ஒரு விதி, கோதுமை விளையும் உள்நாட்டுப் பகுதிக்கு வேறு விதி. ட்ரீட்மென்ட் செய்யும் கம்பெனியை ஆஸ்திரேலிய அரசு ஏற்கிறதா என்பதையும் பாருங்கள். ஏற்காத கம்பெனியின் சர்டிஃபிகேட்டோடு போனால், அங்கே திரும்பவும் காசு கட்டணும், இல்லாவிட்டால் சரக்கு திரும்பி வரும்.

மகனோ மகளோ அங்கே இருக்கிறார்கள் என்றால், பார்சலில் அரிசி, துவரம்பருப்பு, பாசிப்பயறு, கொண்டைக்கடலை, மல்லி, சீரகம், காய்ந்த மிளகாய் வைக்காதீர்கள். தபாலிலும் பயணிகள் பையிலும் இவற்றைக் கொண்டுவர 2020 முதல் தடை. வறுத்தது, பொரித்தது மாதிரி ஆலையில் சூட்டில் பதப்படுத்தி, கடையில் விற்கும் பாக்கெட்டுகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. பயணிகள் எதைக் கொண்டுபோனாலும் விமான நிலையத்தில் தரும் கார்டில் மறைக்காமல் எழுதிவிடுவது நல்லது. எழுதிக் காட்டினால் பொருள்தான் போகும். மறைத்து மாட்டினால் அபராதம், சில நேரம் விசாவே ரத்தாகலாம்.