ஓசூர் எல்லையும் ஒரு ரைபிளும்

நாமக்கல்லில் வசிக்கும் ஒருவர் தன் சொந்த ரைபிளை எடுத்துக்கொண்டு தென்னாப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போக முடியுமா? முடியும். இங்கே ஒரு முயலைச் சுட்டால்கூட வழக்குதான். ஆனால் அந்த நாட்டுச் சட்டம் அனுமதித்தால் அங்கே போய் மான் சுடலாம். பணம் உள்ளவர்கள் போகிறார்கள். துப்பாக்கிச் சுடும் போட்டிக்குப் போகிறவர்களும் ஏறக்குறைய இதே வழியில்தான் போக வேண்டும்.

கஷ்டம் சுடுவதில் இல்லை, காகிதத்தில்தான் இருக்கிறது. அந்தக் காகிதங்களின் கதை 1878-ல் ஆரம்பிக்கிறது.

அந்த வருடம் வைஸ்ராய் லிட்டன் பிரபு ஆயுதச் சட்டத்தைக் கொண்டுவந்தார். 1857 கலகத்தின் பயம் வெள்ளைக்காரர்களுக்கு இன்னும் போகவில்லை. லைசென்ஸ் இல்லாமல் யாரும் துப்பாக்கியோடு நடமாடக்கூடாது என்றது சட்டம். ஆனால் இந்த "யாரும்" என்ற வார்த்தைக்குள் எல்லோரும் வரவில்லை. ஐரோப்பியர்களுக்கும் ஆங்கிலோ இந்தியர்களுக்கும் விதிகளில் விலக்கு இருந்தது. ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த துரைக்கு லைசென்ஸ் தேவையில்லை. அதே மலையில் காட்டுப்பன்றியிடமிருந்து சாமைக் கொல்லையைக் காப்பாற்றப் பார்த்த மலையாளிக்கு (கேரளத்துக்காரர் அல்ல, சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் வாழும் பழங்குடி) தேவை. 1887-ல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டில் இந்தச் சட்டத்தை எதிர்த்துத் தீர்மானம் போட்டார்கள். இனத்தைப் பார்த்துத் தந்த விலக்கு 1920-ல்தான் போனது. அப்போதும் பட்டம் பெற்றவர்கள், பெரிய மனிதர்கள் சிலருக்கு விலக்கு தொடர்ந்தது.

பயணம் செய்பவருக்கு முக்கியமானது அந்தச் சட்டத்தின் 6-வது பிரிவு. பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் ஆயுதம் கொண்டுவரவும் வெளியே கொண்டுபோகவும் தனி லைசென்ஸ் வேண்டும் என்றது அது. கூடவே ஒரு விலக்கும் இருந்தது. சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்க உரிமை உள்ளவர், சொந்த உபயோகத்துக்காக, "நியாயமான அளவில்" கொண்டுபோனால் அந்தத் தனி லைசென்ஸ் வேண்டாம். ஆனால் சுங்க அதிகாரி நினைத்தால் மேலிடத்து உத்தரவு வரும்வரை பிடித்து வைத்துக்கொள்ளலாம். எது நியாயமான அளவு? அதைச் சட்டம் சொல்லவே இல்லை!

இதில் வேடிக்கை என்னவென்றால், அன்றைய சேலத்துக்காரருக்கு "வெளியே" என்பது கடல் தாண்டி இருக்கவில்லை. ஓசூரைத் தாண்டினால் மைசூர் சமஸ்தானம். மகாராஜாக்களின் சமஸ்தானங்கள் சட்டத்தின் கண்ணில் பிரிட்டிஷ் இந்தியா அல்ல. ஓசூர் தாலுகா அப்போது சேலம் ஜில்லாவில் இருந்தது (1965-ல் தர்மபுரி மாவட்டத்துக்குப் போய், 2004-ல் கிருஷ்ணகிரிக்கு மாறியது). அதாவது சேலம் ஜில்லாவின் வடக்கு ஓரமே ஒரு சட்ட எல்லை.

இந்த எல்லையைத் துப்பாக்கியோடு தாண்டி வந்தவர்களில் பெயர் பெற்றவர் கென்னத் ஆண்டர்சன். 1910-ல் பிறந்து பெங்களூரில் வாழ்ந்து 1974-ல் இறந்தவர். வேட்டை நூல்கள் படிப்பவர்களுக்கு ஜிம் கார்பெட்டுக்கு அடுத்து ஞாபகம் வரும் பெயர். 1954-ல் வெளிவந்த அவருடைய முதல் புத்தகத்திலேயே ஜவளகிரியின் ஆட்கொல்லிப் புலி வருகிறது. ஜவளகிரி, அஞ்செட்டி, பென்னாகரம்... அவர் சுற்றிய இடங்களில் பாதி பழைய சேலம் ஜில்லா. கையில் 405 வின்செஸ்டர் ரைபிள். "சொந்த உபயோகம், நியாயமான அளவு" என்ற விலக்கு இப்படிப்பட்டவர்களுக்காகவே எழுதியது போல இருக்கும். துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருந்தாலும் ரிசர்வ் காட்டுக்குள் சுட, 1882-ம் வருட சென்னை வனச் சட்டத்தின் கீழ் தனி அனுமதி வேண்டும். அவருக்கு வழிகாட்டி காட்டுக்குள் கூட்டிப் போனவர்கள் உள்ளூர் ஏழைகள். புலி விட்டுச் சென்ற தடத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். ரைபிளுக்கு மனுப் போடும் நிலையில் அவர்கள் இல்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு 1959-ல் புதிய ஆயுதச் சட்டம் வந்தது. பழைய 6-வது பிரிவு இதில் 10-வது பிரிவாக உட்கார்ந்துகொண்டது. அதே "நியாயமான அளவு", அதே "சொந்த உபயோகம்", சந்தேகம் வந்தால் பிடித்து வைக்கும் அதே சுங்க அதிகாரி. பிடித்து வைத்தால் இப்போது மத்திய அரசின் உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒன்று மட்டும் புதிது. மத்திய அரசு அறிவிக்கும் நாடுகளிலிருந்து வரும் உண்மையான சுற்றுலாப் பயணி, விளையாட்டுக்காக மட்டும் தன் துப்பாக்கியை லைசென்ஸ் இல்லாமல் கொண்டுவரலாம். ஆறு மாதத்துக்கு மேல் தங்கக்கூடாது. இந்தச் சலுகை ஏன்? அன்னியச் செலாவணி என்று யூகிக்கலாம். அந்தக் காலத்தில் புலி சுடுவதற்கென்றே டாலரோடு வெளிநாட்டவர்கள் இந்தியா வந்தார்கள். 1970-ல் புலி வேட்டைக்குத் தடை வந்தது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991 திருத்தம் மிச்சம் மீதி இருந்த வேட்டை லைசென்ஸ்களையும் எடுத்துவிட்டது. விருந்து முடிந்து இலை எடுத்தாகிவிட்டது, அழைப்பிதழ் மட்டும் இன்னும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.

சரி, நம் நாமக்கல்காரருக்கு வருவோம். முதலில் துப்பாக்கி லைசென்ஸ். மாவட்டத்தில் கலெக்டர் தருவார், சேலம் மாநகர எல்லைக்குள் என்றால் போலீஸ் கமிஷனர். ரைபிள் என்றால் தகுந்த காரணம் காட்ட வேண்டும். போலீஸ் விசாரணை அறிக்கை வர வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது, லைசென்ஸ் ஐந்து வருடத்துக்குச் செல்லும்.

அடுத்து பலரும் கவனிக்காத ஒரு வரி. அந்த லைசென்ஸ் எந்தப் பகுதிக்குச் செல்லும் என்று அதிலேயே எழுதியிருக்கும். தமிழ்நாட்டுக்கு மட்டும் என்றிருந்தால், பெங்களூர் விமான நிலையத்துக்குக் காரில் போகும் வழியில், ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளியில் நுழைந்த நிமிடமே அந்த ரைபிள் சட்டவிரோதம். சமஸ்தானம் போய் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது, எல்லை மட்டும் அதே இடத்தில் நிற்கிறது. இந்தியா முழுவதற்கும் செல்லும்படி முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும், அல்லது சென்னை வழியாகப் போக வேண்டும்.

விமானக் கம்பெனியிடம் முன்பே சொல்ல வேண்டும். துப்பாக்கி காலியாக, பூட்டிய பெட்டியில், சரக்கறையில்தான் போகும். தோட்டா ஒருவருக்கு 5 கிலோவுக்கு மேல் கூடாது என்பது சர்வதேச விமான விதி. கிளம்பும்போது சுங்கத்தில் துப்பாக்கியின் எண்ணைக் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்வது மிக முக்கியம். அது கையில் இல்லாவிட்டால் திரும்பி வரும்போது சொந்தத் துப்பாக்கியே புது இறக்குமதியாகத் தெரியும்! ஜோகன்னஸ்பர்க்கில் இறங்கினால் அங்கே போலீஸின் 520-ம் எண் படிவம். கறுப்பு மையில் நிரப்ப வேண்டும், கையெழுத்தை மட்டும் அதிகாரி முன்னால்தான் போட வேண்டும். வேட்டைப் பண்ணையின் அழைப்புக் கடிதம், துப்பாக்கி தன்னுடையதே என்பதற்கு ஆதாரம், பாஸ்போர்ட் நகல், டிக்கெட் நகல் எல்லாம் கூடவே. சுட்ட மானின் கொம்பை வீட்டுக்குக் கொண்டுவர ஆசைப்பட்டால் அது வேறு கதை, அதற்கு வனவிலங்குச் சட்டத்தையும் சர்வதேச ஒப்பந்தத்தையும் தாண்ட வேண்டும்.

பயணத் தேதி தேர்தல் சமயத்தில் வந்துவிடக்கூடாது. தேர்தல் அறிவித்ததும் லைசென்ஸ் துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். டிக்கெட் கையில் இருக்கும், ரைபிள் ஸ்டேஷனில் இருக்கும்.

இத்தனை காகிதத்துக்கும் வக்கீல், ஏஜென்ட், நேரம், பணம் வேண்டும். இவை இருப்பவருக்குப் பாதை திறந்தே இருக்கிறது. கொல்லிமலைக்காரரின் நிலைமை வேறு. பயிர்க் காவலுக்கு நாட்டுத் துப்பாக்கி கேட்டால், மறுக்கச் சட்டக் காரணம் இல்லாத பட்சத்தில் தர வேண்டும் என்று 1959 சட்டமே சொன்னது. ஆனால் அந்த மனுவும் படிவம், விசாரணை, மலை இறங்கி ஏறும் பஸ் கட்டணம் என்றுதான் போகும். லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படையுங்கள் என்று அவ்வப்போது போலீஸ் மலைக் கிராமங்களில் அறிவிப்பதும், சிலர் கொண்டுவந்து கொடுப்பதும், சிலர் மாட்டுவதும் நடந்துகொண்டே இருக்கிறது. பக்கத்து மாநிலமான கர்நாடகத்தின் குடகில் பிரிட்டிஷ் காலத்தில் கிடைத்த விலக்கு இன்றும் உண்டு. அது 2029 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது.

2025 ஜனவரியில் தமிழக அரசு காட்டுப்பன்றி பற்றி ஒரு முடிவை அறிவித்தது. காப்புக் காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுடலாம். சுடப்போவது பயிற்சி பெற்ற வனத்துறை ஆட்கள். மரவள்ளிக் கிழங்கைப் பறிகொடுத்தவர் தகவல் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.