பனிமேல் வழிகாட்டுகிறவர்கள்



கனடாவின் வடக்கே, பாஃபின் தீவில் பாண்ட் இன்லெட் என்றொரு சிற்றூர். மே கடைசியில் அங்கே சூரியன் மறைவதில்லை. அதுதான் அவர்களுக்கு வசந்தம். உறைந்த கடல்மேல் கூடாரம் போட்டுத் தங்கி, பனி முடிந்து நீர் தொடங்கும் விளிம்பில் நார்வால் திமிங்கிலத்தையும் பனிக்கரடியையும் காணப் பயணிகள் வருகிறார்கள். கமுட்டிக் என்னும் நீண்ட சறுக்குவண்டியில் அவர்களை அழைத்துப்போகிறவர்கள் அவ்வூர் இனுயிட் மக்கள். எந்தப் பனி தாங்கும், எந்த வெடிப்பு அகலும் என்பது தலைமுறை தலைமுறையாக வந்த அறிவு.

அந்த அறிவோடு ஒரு கசப்பான வரலாறும் சேர்ந்திருக்கிறது. 1953-இல் கனடா அரசு, தெற்கே இனுக்ஜுவாக்கில் வாழ்ந்த இனுயிட் குடும்பங்களைச் சுமார் 2,000 கிலோமீட்டர் வடக்கே கொண்டுபோய்க் குடியமர்த்தியது. பிடிக்காவிட்டால் இரண்டு ஆண்டில் திரும்பலாம் என்றது, வாக்கைக் காப்பாற்றவில்லை. மாதக்கணக்கில் சூரியனே எழாத குளிர்கால இருட்டை அவர்கள் அதுவரை கண்டதில்லை. அங்கே பிழைக்கக் கற்றுக்கொடுக்க, பாண்ட் இன்லெட் குடும்பங்கள் சிலவற்றையும் சேர்த்து அனுப்பினார்கள். அரசு மன்னிப்புக் கேட்டது 2010-இல்தான்.

அன்று அரசு தன் தேவைக்கு எடுத்துக்கொண்ட அறிவைக் கொண்டு, இன்று அதே ஊரார் தாமே முன்னால் நின்று வழிகாட்டுகிறார்கள். அந்தப் பயணப் படங்களைப் பார்க்க நேர்ந்தால், கரடியோடு சேர்த்து வண்டி ஓட்டுகிறவரையும் ஒரு நிமிடம் பாருங்கள்.